தூக்கிவிட்டவள்

ராஜாங்கத்துக்குத் தம்பி மகள்மீது பாசம் பொங்கிய நாள் எது என்று வேலம்மாளால் தேதியோடு சொல்ல முடியும். இரண்டாயிரத்து ஐந்து, ஐப்பசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. அன்றுதான் அவருடைய மூத்த மகளைப் பெண் பார்க்கப் பிரம்மதேசத்திலிருந்து வந்தவர்கள், காபியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்த கையோடு, "உங்க தம்பி பொண்ணு அந்த ரெண்டு பொம்பளைங்க வூட்டுல வளருதாமே" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். அதுவரை அந்தக் குழந்தைக்குச் செந்தமிழ் என்று பெயர் வைத்திருக்கிறது என்பதாவது ராஜாங்கத்துக்குத் தெரியுமோ என்னவோ. தாயில்லாமல் அது பத்து மாதம் வளர்ந்தபோது ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்ததில்லை. காபி டம்ளரைத் தரையில் வைத்த சத்தம்தான் அந்தப் பெரியப்பாவைத் தட்டி எழுப்பியது.

அந்த ரெண்டு பொம்பளைங்க என்றால் வேலம்மாளும் சவரியம்மாளும். மரக்காணத்து உப்பளத்தில் அவர்களைத் தனித்தனிப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட காலம் ஒன்று உண்டு. வேலம்மாள் பிரம்மதேசத்தில் நாலு காணி நிலம் வைத்திருந்த வீட்டுப் பெண். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது மாற்றுத் துணியோடு பஸ் ஏறி வந்து உப்பளத்தில் கூலிக்குச் சேர்ந்தவள். பிறந்த வீட்டுக்காரர்கள் அவளுக்குக் கருமாதியே செய்துவிட்டார்கள். சவரியம்மாள் பொம்மையார்பாளையத்துக் கிறிஸ்தவப் பெண். அவளுக்குத் தலைமுழுக ஆள் இல்லை, அக்கா ஒருத்திதான். முதல் நாள் வேலையில் வேலம்மாளுக்குக் கூடை தூக்கிவிட்டவள் சவரி. அதற்குப் பிறகு பதினொரு வருஷம் வேறு யாரும் தூக்கிவிடவில்லை.

உப்பளத்தில் அது ஒரு பழக்கம். நிறைந்த கூடையை எவளும் தனியாகத் தூக்க மாட்டாள். தூக்கினால் இடுப்பு போய்விடும். ஒருத்தி சும்மாட்டைத் தலையில் வைத்துக் குனிந்து கூடையின் ஒரு பக்கத்தைப் பிடிப்பாள், இன்னொருத்தி எதிர்ப்பக்கத்தைப் பிடித்துத் தூக்கி அவள் தலையில் ஏற்றிவிடுவாள். கூப்பிட வேண்டியதில்லை, கண்ணால் காட்ட வேண்டியதில்லை. கூடை தரையில் இருக்கிறது, ஒருத்தி குனிகிறாள் என்றால் பக்கத்தில் நிற்பவளின் கை தானாகப் போய்விடும். ஒரு நாளைக்கு நூறு தடவை, நூற்றைம்பது தடவை என்று வருஷக்கணக்கில் செய்தால் அந்த வேலைக்கு மூளையின் உத்தரவு தேவைப்படுவதில்லை.

இரண்டு பேரும் ஒரே குடிசையில் குடியிருந்தார்கள். புருஷன் வாய்க்காத இரண்டு பெண்கள் என்று ஊர் முதலில் இரக்கப்பட்டது. தேடி வந்த இரண்டு வரன்களை வேலம்மாள் வாசலிலேயே திருப்பி அனுப்பியபோது இரக்கம் குறைந்தது. உப்பில் வெடித்த வேலம்மாளின் பாதத்தைச் சவரி மடியில் வைத்துக்கொண்டு தேங்காய் எண்ணெய் தடவியதைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்து வைத்த அன்றோடு இரக்கம் போயே போய்விட்டது, அந்த இடத்தில் இளிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. ஊர் நினைத்தது தப்பும் இல்லை. வேலம்மாளுக்குச் சவரிமீது ஆசைதான். புருஷன்மீது பெண்டாட்டிக்கு வரும் என்று சொல்கிறார்களே, அந்த ஆசை. ஆனால் ஊரில் முக்கால்வாசிப் பெண்டாட்டிகள் அதை வாயால்தான் சொன்னார்கள். வேலம்மாளுக்கு அது உடம்பிலும் உயிரிலும் இருந்தது. இதை யாருக்கும் விளக்கிச் சொல்லும் பொறுமை அவளுக்கு இல்லை.

செந்தமிழைப் பெற்றவள் சுலோசனா, அவர்களோடு உப்புச் சுமந்தவள். ஊரே ஒதுக்கினாலும் அவள் ஒதுக்கவில்லை. கைக்குழந்தையைப் பழைய புடவை விரித்த கூடையில் படுக்க வைத்து, வரப்புமீது வைத்துவிட்டு வேலை செய்வாள். அழுதால் மூன்று பேரில் யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் போய்ப் பார்ப்பார்கள். அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை குழந்தையைச் சவரியிடம் கொடுத்துவிட்டு, கடற்கரைக்குப் போய் மீன் வாங்கி வருகிறேன் என்று போனவளை மூன்றாம் நாள்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சுனாமி என்ற வார்த்தையையே அதற்குப் பிறகுதான் கற்றுக்கொண்டார்கள். குழந்தைக்கு அப்போது ஐந்து மாதம்.

அதன் அப்பன், ராஜாங்கத்தின் தம்பி கலியமூர்த்தி, உப்பு லாரியில் லோடு ஏற்றுபவன். கெட்டவன் இல்லை, முதுகெலும்பு மட்டும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வந்து மகளைப் பார்த்து அழுவான், திங்கட்கிழமை லாரி ஏறிவிடுவான். குழந்தை இந்தக் குடிசையிலேயே தவழ்ந்தது, இந்தக் குடிசையிலேயே பல் முளைத்தது. சொட்டு மருந்து போட வந்த நர்சம்மா அம்மா பெயர் என்ன என்று கேட்டபோது, வேலம்மாள் சவரியின் பெயரையும் சவரி வேலம்மாளின் பெயரையும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். நர்சம்மா இரண்டையும் எழுதாமல் செத்துப்போன சுலோசனாவின் பெயரை எழுதிக்கொண்டு போனாள்.

ஆடி மாதம் கலியமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டு வந்தான். கூனிமேட்டில் ஒரு பெண் அமைந்திருக்கிறது, அவர்களுக்கு மூத்த தாரத்துப் பெண் குழந்தை வேண்டாமாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றான். சவரி ஓடிப்போய்க் குழந்தையை அணைத்துக்கொண்டு அழுதாள். வேலம்மாள் அழவில்லை. பேப்பரில் எழுதிக் கொடுக்கிறாயா என்று கேட்டாள். சுனாமிக்குப் பிறகு ஜீப்பில் வந்த அதிகாரிகள் பேப்பர் இல்லாத பிள்ளைகளைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டு போனதை அவள் பார்த்திருந்தாள். கையில் காகிதம் இல்லாத பாசம் ஜீப் சத்தம் கேட்டால் நடுங்க வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

திண்டிவனத்தில் வக்கீல் குழந்தைசாமியைப் பார்த்தார்கள். அவர் நல்லவர்தான், நேரம்தான் இல்லாதவர். சட்டப் புத்தகத்தைத் திறக்காமலே விரலை மடக்கிச் சொன்னார். கல்யாணம் ஆகாத இந்துப் பெண் தத்து எடுக்கலாம், அதனால் வேலம்மாள் எடுக்கலாம். கிறிஸ்தவர்களுக்கு இந்தச் சட்டம் கிடையாது, அதனால் சவரி எடுக்க முடியாது. இரண்டு பேரும் சேர்ந்து எடுக்கிறோம் என்று வேலம்மாள் சொன்னதும் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"புருஷன் பொண்டாட்டின்னாதாம்மா ரெண்டு பேரு. மத்தபடி ஒரு கொழந்தைய ஒரே நேரத்துல ரெண்டு பேரு தத்து எடுக்க முடியாது. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் என்னவா வேணா இருங்க, நான் கேக்க மாட்டேன். சட்டத்துக்கு நீங்க ரெண்டு தனி ஆளு."

உன் பெயரிலேயே இருக்கட்டும் என்று சவரி உடனே சொல்லிவிட்டாள். அவளுக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று வேலம்மாள் முகத்தைப் பார்த்தாள், தெரியவில்லை. சவரி எதையும் முகத்தில் காட்டுகிறவள் இல்லை. வக்கீல் மேலும் சொன்னார். பத்திரம் அப்புறம், முதலில் பெற்றவன் கொடுக்க வேண்டும், எடுப்பவள் வாங்க வேண்டும், நாலு பேர் பார்க்க வேண்டும், ஒரு போட்டோ இருந்தால் நல்லது. கொடுத்து வாங்குவதுதான் தத்து, மற்றதெல்லாம் அதற்குச் சாட்சி என்றார்.

ஆவணியில் மாரியம்மன் கோயில் வாசலில் நடந்தது. புதுப் பனையோலைக் கூடை வாங்கி, மஞ்சள் தடவி, சுலோசனாவின் புடவையையே விரித்து அதில் குழந்தையை உட்கார வைத்தார்கள். கூடையிலேயே வளர்ந்த பிள்ளை கூடையிலேயே வீட்டுக்கு வரட்டும் என்பது வேலம்மாளின் ஆசை. கலியமூர்த்தி கூடையை ஏந்திக்கொண்டு வந்தான். ஒரு வயதுக் குழந்தையின் கனம், போதாததற்கு அவனுக்கு அழுகை வேறு. கொடுத்தேன், இனிமேல் உன் பெண் என்று சொல்லிவிட்டு, நீட்ட வேண்டிய கூடையை அவள் காலடியில் இறக்கி வைத்துவிட்டான். எடுத்துக்கொள் அம்மா என்றார் பூசாரி. வேலம்மாள் குனிந்து ஒரு பக்கத்தைப் பிடித்தாள். கூட்டத்தோடு ஐந்தடி தள்ளி நின்ற சவரி, எதுவும் யோசிக்காமல் வந்து எதிர்ப்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள். ஸ்டூடியோக்காரர் அந்த நேரம் பார்த்து ஃபிளாஷ் அடித்தார்.

அங்கே நின்ற உப்பளத்துப் பெண்கள் யாருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை. கூடை தரையில் இருந்தது, ஒருத்தி குனிந்தாள், இன்னொருத்தி பிடித்தாள். வேலம்மாளுக்கோ போட்டோ வந்தபோது பெருமை தாங்கவில்லை. அவளும் சவரியும் சேர்ந்து எடுத்த ஒரே போட்டோ அது. நடுவில் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கிறது, நாலு கைகள் கூடையைப் பிடித்திருக்கின்றன. ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டினாள். இன்னொரு பிரதி போட்டு, மகளின் ஞாபகமாக வைத்துக்கொள் என்று கலியமூர்த்தியிடம் தன் கையாலேயே கொடுத்துவிட்டு வந்தாள். இப்படி ஒரு முட்டாள்தனத்தை இன்னொருத்தி செய்திருந்தால் வேலம்மாள் அவளை ஒரு வருஷத்துக்குத் திட்டியிருப்பாள்.

பத்திரம் பதியக் கலியமூர்த்தி இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று இரண்டு மாதம் ஓட்டினான். அதற்குள் அந்த வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. ராஜாங்கம் சாதாரண ஆள் இல்லை, உப்பளத்து மேஸ்திரி. அடுத்த தை மாதம் உப்புப் பருவம் தொடங்கியபோது அந்த இரண்டு பேருக்கும் வேலை இல்லை என்றார். அவர்கள் நடந்து நடந்து தெற்கே வேறு உப்பளத்தில் சேர்ந்தார்கள். குழாயடியில் மற்றப் பெண்கள் இவர்களுடைய குடத்தை நகர்த்தி வைத்தார்கள். பால்வாடியில் குழந்தையைச் சேர்க்கப் போனபோது, மற்ற தாய்மார்கள் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம் என்றார்கள். எந்தத் தாய் என்று வேலம்மாள் கேட்டதற்கு யாரும் பெயர் சொல்லவில்லை. பெயர் சொன்னால் நேரே அந்த வீட்டுக்குப் போய்விடுவாள் என்று எல்லாருக்கும் பயம்.

கோர்ட் நோட்டீஸ் மாசியில் வந்தது. வழக்கு கலியமூர்த்தியின் பெயரில், நடத்துவது ராஜாங்கம். தத்து செல்லாது, குழந்தையைத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஒழுக்கமில்லாத சூழலில் பெண் குழந்தை வளர்கிறது என்றும் ஒரு வரி. அதோடு அந்தப் போட்டோவின் பிரதி.

வக்கீல் குழந்தைசாமி போட்டோவை மேஜைமீது போட்டார். "ஒங்கள யாரும்மா ரெண்டு பேரா தூக்கச் சொன்னது? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, ஒருத்திதான் வாங்கணும்னு."

"கூடைய ஒருத்தி எப்படிங்க தூக்குவா?" என்றாள் வேலம்மாள். அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

அவர் புரிய வைத்தார். இரண்டு பேர் வாங்கியதாகக் கோர்ட் நினைத்தால் தத்து அங்கேயே செத்தது. அதில் ஒருத்தி கிறிஸ்தவள் என்றால் இரண்டாவது தடவை செத்தது. தத்து இல்லை என்றால் குழந்தை அப்பனுக்கு, அதாவது ராஜாங்கத்துக்கு. அவர் அதைப் பத்து நாளில் ஏதாவது ஹோமில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு மகள் கல்யாணத்தைப் பார்ப்பார். தப்பிக்க ஒரு வழிதான் இருக்கிறது. கூண்டில் ஏறி, இந்தப் பெண் யார் என்று கேட்டால், கூலி, கூட வேலை செய்கிறவள், வாடகைக்கு ஒண்டிக் குடியிருக்கிறவள், வேறு ஒன்றும் இல்லை என்று வேலம்மாள் சொல்ல வேண்டும்.

வேலம்மாள் கத்தினாள். ஆபீஸில் காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். காய்ச்சலில் கிடந்தபோது எனக்குப் பீ மூத்திரம் அள்ளியவளைக் கூலி என்று சொல்ல என் வாய் என்ன சாக்கடையா என்று கேட்டாள். வக்கீல் காதைப் பொத்திக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். சவரி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் வரும்போது, வார்த்தைதானே, சொல்லிவிட்டு வா என்றாள். சொல்ல மாட்டேன் என்றாள் வேலம்மாள். பிள்ளை போய்விடுமே என்றாள் சவரி. பதில் இல்லாத கோபம்தான் அவளுக்கு எப்போதும் பெரிய கோபம்.

விசாரணை ஆடியில் வந்தது. கலியமூர்த்தி முதலில் ஏறினான். நான் கொடுக்கவில்லை, கீழே வைத்தேன், இரண்டு பேரும் சேர்ந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அண்ணனைப் பார்த்தான். வேலம்மாள் பக்கம் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே உளறியிருப்பான்.

அடுத்து அவள். ராஜாங்கத்தின் வக்கீல் போட்டோவை நீட்டி, இதில் எத்தனை கைகள் என்று கேட்டார். நாலு என்றாள். இன்னொரு இரண்டு கை யாருடையது என்றார். சவரியம்மாளுடையது என்றாள். அவர் குரலைத் தாழ்த்தி, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"அந்தச் சவரியம்மாள் உங்களுக்கு யாரு?"

குழந்தைசாமி பேனாவை மூடி மூடித் திறந்தார். வேலம்மாள் வாயைத் திறந்தாள். கூலி என்ற அந்தச் சின்ன வார்த்தை நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. அதைப் பல்லால் கடித்து நிறுத்தினாள். உண்மையைச் சொன்னால் பிள்ளை போய்விடும், பொய்யைச் சொன்னால் சவரி போய்விடுவாள். இரண்டு பேரையும் வைத்துக்கொள்ள ஒரு வார்த்தை அவளுக்குத் தெரிந்த தமிழில் இல்லை. நீதிபதி இரண்டாவது தடவை கேட்டார். அவள் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதில் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். ராஜாங்கம் வேட்டி நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டார், சாப்பிட்டு முடித்தவர் மாதிரி.

வெளியே உட்கார்ந்திருந்த சவரியைக் கூப்பிட்டார்கள். உள்ளே நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. ஆனால் வேலம்மாளின் முகத்தைப் பார்த்ததும் என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பதினொரு வருஷம் பார்த்த முகம். கூண்டில் ஏறி, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கேள்வி வருவதற்கு முன்பே நீதிபதியைப் பார்த்து நின்றாள்.

இந்தக் குழந்தையை நீயும் சேர்ந்து தத்து எடுத்தாயா என்று கேட்டார் அந்த வக்கீல்.

"இல்லீங்க. நான் கூலிங்க. கூடைய தூக்கிவுட்டேன், அவ்ளோதான்."

தூக்கியது நீயும்தானே என்றார் அவர். சவரி அவரை விட்டுவிட்டு நீதிபதியிடம் சொன்னாள்.

"ஐயா, உப்பளத்துல கேட்டுப் பாருங்க. எந்தக் கூடையும் ஒருத்தி தூக்க மாட்டா. நான் ஒரு நாளைக்கு நூறு கூடை தூக்கிவுடுறேன். அந்த நூறு கூடை உப்பும் எனக்கா சொந்தம்? யாரு தலையில ஏறுதோ அவளுக்குத்தான் சுமை. தூக்கிவுடுறவ அங்கியே நின்னுடுவா. கொழந்தைய இடுப்புல வெச்சிக்கினு வூட்டுக்குப் போனது வேலம்மா. நான் பின்னால வெறுங்கையோட வந்தேன்."

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அப்படியானால் வேலம்மாளுக்கு நீ யார் என்று கேட்டார்.

"யாரும் இல்லீங்க" என்றாள் சவரி. "கூட வேலை செய்றவ. ஒண்டிக்கினு இருக்கேன். போன்னு சொன்னா போயிடுவேன்."

வேலம்மாளுக்கு அந்த இடத்திலேயே எழுந்து போய் அவளை அறைய வேண்டும் போல இருந்தது. ஊர் பேசியதும் குழாயடியில் குடத்தை நகர்த்தியதும் இந்த அளவுக்கு வலித்ததில்லை. தான் கடித்து நிறுத்திய வார்த்தையை இவள் எவ்வளவு சுலபமாகத் துப்பிவிட்டாள். தனக்காகத்தான், பிள்ளைக்காகத்தான் என்று புத்திக்குத் தெரிந்தது. புத்திக்குத் தெரிந்து என்ன ஆகிறது. அன்றிலிருந்து அவள் சவரியோடு சரியாகப் பேசவில்லை. சோற்றைப் போட்டாள், தட்டைத் தள்ளினாள். சவரியும் சமாதானம் சொல்லவில்லை. இரண்டு பேரும் பேசாமலே கூடை தூக்கினார்கள்.

தீர்ப்பு ஆவணிக் கடைசியில், ஒரு திங்கட்கிழமை. இங்கிலீஷில் படித்ததைக் குழந்தைசாமி வராந்தாவில் தமிழில் சொன்னார். உப்பளத்துப் பழக்கத்தைக் கோர்ட் ஏற்றுக்கொண்டது. இரண்டாவது பெண் சுமை தூக்கிவிடும் கூலியாள், வாங்கியவள் வேலம்மாள் ஒருத்தியே, தத்து செல்லும். அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. இந்தக் குழந்தையின்மீது அந்தக் கூலியாளுக்கு எந்த விதமான உரிமையும் இல்லை என்று ஒரு வரி இருக்கிறது, அது நமக்கு நல்லதுதான் என்றும் சொல்லி, தீர்ப்பின் நகலை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். வேலம்மாள் அவரைக் கும்பிட்டாள். கைதான் கும்பிட்டது.

படிக்கட்டில் ராஜாங்கம் நின்றிருந்தார். தோற்ற முகமாக அது இல்லை.

"புள்ள ஒன்னோடதுதான், வெச்சுக்க. ஆனா இவதான் கூண்டுல ஏறிச் சொல்லிட்டாளே, யாரும் இல்லன்னு. யாரும் இல்லாதவளுக்கு அந்த வூட்டுல என்னா வேல? இன்னிக்கு ராவு இவ அங்க தங்குனா நாளைக்கு நான் ஊர்ல நாலு பேரோட வருவேன். புள்ள இருக்குற வூடு பாரு, அதான்."

பஸ்ஸில் சவரி வேலம்மாள் பக்கத்தில் உட்காரவில்லை, நாலு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். ராஜாங்கம் பின்சீட்டில். அப்போதுதான் வேலம்மாள் சவரியின் மடியைப் பார்த்தாள். மஞ்சள் பை. அதன் வாயில் நீலப் புடவையின் ஓரமும், அவள் கழுத்தில் போடும் ஜெபமாலையின் சிலுவையும் தெரிந்தன. காலையிலேயே கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். ஜெயித்தாலும் தோற்றாலும் போய்விடுவது என்று முடிவு பண்ணி, விளக்கை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்திருக்கிறாள். மரக்காணத்தில் இறங்கிப் பாண்டிச்சேரி பஸ் பிடித்தால் பொம்மையார்பாளையத்தில் அக்கா வீடு.

பஸ் பிரம்மதேசத்தில் நின்றபோது வேலம்மாள் தலையைத் திருப்பவில்லை. பிறந்த ஊர் தனக்குக் கருமாதி செய்தபோதுகூட அவளுக்கு இந்த அளவுக்குப் பயம் வந்ததில்லை. மடியில் குழந்தை நாலு சீட் தள்ளி இருந்த தலையைப் பார்த்து, சவீ, சவீ என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தது. சவரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் மதிய வெயில் கொளுத்தியது. எதிரே பாண்டிச்சேரி பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. சவரி முதலில் இறங்கினாள். வேலம்மாள் இறங்கி, படியில் நின்ற குழந்தையைப் பார்த்துக் கையை நீட்டினாள். குழந்தை இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றது. ஒரு கை இந்தப் பக்கம், ஒரு கை அந்தப் பக்கம். உப்பளத்து வாய்க்காலைத் தாண்டும்போதெல்லாம் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துத் தூக்கித்தான் அதற்குப் பழக்கம். வேலம்மாள் ஒரு கையைப் பிடித்தாள். குழந்தை வரவில்லை. அந்தப் பக்கத்துக் கையை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றது. எறக்கும்மா சீக்கிரம் என்றார் கண்டக்டர். பின்னால் இறங்க வழியில்லாமல் ராஜாங்கம் நின்றார். சவரி எதிர் பஸ்ஸைப் பார்த்து நாலு எட்டு வைத்துவிட்டாள்.

"ஏய், சவரி."

பஸ் ஸ்டாண்டே திரும்பியது. வேலம்மாளின் குரல் உப்பளத்தில் அரை மைல் கேட்கும் குரல்.

"எங்கடி போற? கோர்ட்டுல கூலின்னு சொன்ன இல்ல? கூலிக்கு வந்தவ பாதியில போவாளா? வந்து தூக்கிவுடு."

சவரி நின்றாள். திரும்பவில்லை.

"மேஸ்திரி, நீங்களும் நல்லா கேட்டுக்குங்க," என்றாள் வேலம்மாள், படியில் நின்ற ராஜாங்கத்தைப் பார்த்து. தீர்ப்பு இருந்த பையை எடுத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "இவ என் கூலிக்காரி. ஜட்ஜே எழுதிக் குடுத்துட்டாரு, தூக்கிவுடுற ஆளுன்னு. எனக்குத் தனியா தூக்க முடியாது. அதனால வெச்சிருக்கேன். பகல்லயும் வெச்சிருப்பேன், ராவுலயும் வெச்சிருப்பேன். என் கூலிக்காரி எங்க படுக்கணும்னு சொல்ல நீங்க யாரு? ஆள் கூட்டிக்கினு வாங்க. நான் கோர்ட்டு பேப்பரோட ஒக்காந்திருக்கேன்."

கூலியாள் என்ற அந்த வரிக்காகத்தான் ராஜாங்கம் காலையிலிருந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். அதே வரி இப்போது அவர் மூக்குக்கு முன்னால் தொங்கியது. கண்டக்டர் விசில் அடித்தார். பாண்டிச்சேரி பஸ் ஒரு ஹாரன் கொடுத்துவிட்டு நகர்ந்தது.

சவரி திரும்பி வந்தாள். மஞ்சள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குழந்தையின் மற்றக் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் தூக்க, செந்தமிழ் படியிலிருந்து ஆடிக்கொண்டே சிரித்தபடி தரையில் வந்து இறங்கியது.

கடைத்தெருவைத் தாண்டிய பிறகுதான் சவரி கேட்டாள்.

"இத அன்னிக்குக் கூண்டுலயே சொல்லியிருக்கலாம் இல்ல?"

வேலம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பல்லால் கடித்து நிறுத்திய வார்த்தையை நடு பஸ் ஸ்டாண்டில், ஊரே கேட்கும்படி, தன் வாயாலேயே நாலு தடவை சொல்லியாகிவிட்டது. இனிமேல் சாகும் வரை, யார் கேட்டாலும், அதையேதான் சொல்ல வேண்டும். சவரி வீட்டில் இருப்பதற்கு இந்த நாட்டில் அது ஒன்றுதான் காகிதம்.

"வூட்டுக்குப் போயி மொதல்ல வாயக் கழுவணும்," என்றாள்.

வழியில் ஒரு சாக்கடை ஓடியது. குழந்தை முன்கூட்டியே இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றது. அவர்கள் தூக்கி அந்தப் பக்கம் விட்டார்கள்.